இரண்டாம் ஆள்

வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் உலகத்தில் உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஹைதராபாத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இருந்தது. வெறும் வாய் வார்த்தையாக இல்லை. டைப் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லேப் சுவரில் ஆணியடித்து மாட்டிய உத்தியோகம்.

எல்லாம் புரொபசர் ஸ்ரீனிவாசன் கொண்டுவந்தது. மனிதர் ஜெர்மனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் வராததுமாக, துறையில் எந்தெந்த வேலையில் ஆபத்து இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறைத் தாள் எழுதினார். ஆசிட் ஜாடி தூக்குவதற்கு ஒரு தாள், காஸ் சிலிண்டர் மாற்றுவதற்கு ஒரு தாள், சோடியம் அழிப்பதற்கு ஒரு தாள். எழுதியது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சோடியம் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் நியாயமான வரிதான்.

சோடியம் ஒரு விசித்திரப் பிறவி. பார்க்க உலோகம், வெட்டினால் வெண்ணெய், தண்ணீர் பட்டால் நெருப்பு. அதனால் அதை எப்போதும் மண்ணெண்ணெயில் மூழ்கடித்தே வைத்திருப்பார்கள். மாணவர்கள் உபயோகித்து மிச்சமாகிற துண்டு துணுக்கெல்லாம் ஒரு கண்ணாடிப் புட்டியில் சேரும். புட்டி நிறைந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் திறந்த வெளியில் கொண்டுபோய், ஒரு தட்டில் ஸ்பிரிட் ஊற்றி, அதில் ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் கரைத்து அழிக்க வேண்டும். தாளின்படி இதற்கு இரண்டு ஆள். முதல் ஆள் குனிந்து துண்டு போடுகிறவன். இரண்டாம் ஆளுக்குக் கை வேலை எதுவும் கிடையாது. காலடியில் மணல் வாளியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மேகம் திரண்டால் குரல் கொடுத்து நிறுத்தச் சொல்லி, தகர மூடியால் தட்டை மூட வேண்டும். கடைசித் துண்டு கரைகிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆகாச உத்தியோகம்" என்று அதற்குப் பெயர் வைத்தவன் சூசைராஜ். அவனும் உலகநாதனும் லேப் அசிஸ்டெண்ட்டுகள். இரண்டு பேருடைய அப்பாக்களும் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஒரே ஷெட்டில் சுத்தியல் பிடித்தவர்கள். ரயில்வே காலனியில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால், வேட்டைக்குப் போனாலும் வேளாங்கண்ணிக்குப் போனாலும் இவர்கள் சேர்ந்துதான் போவார்கள். சூசைராஜ்தான் முதலில் பல்கலைக்கழகத்தில் நுழைந்தான். பின்னாலேயே யார் யார் காலையோ பிடித்து உலகநாதனையும் உள்ளே இழுத்துப் போட்டான். அந்த நன்றி உலகநாதனுக்கு எப்போதும் உண்டு. வாயால் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

தாள் வந்த புதிதில் கொஞ்ச நாள் ஒழுங்காக நின்றார்கள். பிறகு யாருக்குப் பொறுமை இருக்கும், சொல்லுங்கள். துறையில் வேலை மலையாகக் கிடக்கிறது, ஆட்கள் எண்ணி எடுத்தாற்போல். இதில் ஒரு முழு ஆள் சும்மா நின்று ஆகாயத்தில் காக்கை பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற வேலையை யார் பார்ப்பது? அதனால் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நீ சோடியம் போடும்போது நான் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன், நான் போடும்போது நீ போடு. இதைக் 'கைமாத்து' என்பார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டுமில்லை, துறை முழுக்க இந்தக் கைமாத்து நடந்தது. ஆசிட் ஜாடிக்கும் இதே கதை, சிலிண்டருக்கும் இதே கதை. புரொபசர் ஸ்ரீனிவாசன் கையெழுத்துகளைப் பார்த்துத் தலையாட்டுவார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பின்கட்டில் ஒற்றை ஆள் குனிந்திருப்பது அவருக்கும் தெரியும். பார்த்தும் பாராதது மாதிரி போய்விடுவார். எதுவும் நடக்காத வரைக்கும் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

அவசர நிலையை விலக்கிய மறு வருஷம், ஆடி மாதம். மறுநாள் டில்லியிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று துறையே வாலில் தீப்பிடித்தது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சோடியம் புட்டி கழுத்து வரை நிறைந்து கிடந்தது. அதை இன்றைக்கே காலி பண்ணிவிட வேண்டும் என்று புரொபசர் சொல்லி அனுப்பினார். காலையில் நல்ல வெயில். சூசைராஜ் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான், உலகநாதன் இரண்டாம் ஆளாகப் போட்டான். இரண்டு பேரும் மணல் வாளி, தகர மூடி, தட்டு, ஸ்பிரிட் டின் எல்லாவற்றையும் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

உலகநாதனுடைய சைக்கிள் டியூப் அன்று காலையில்தான் வெடித்திருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தச் சைக்கிளில்தான் கூட்டி வர வேண்டும். கேட்டுக்கு வெளியே பங்சர் கடை இருக்கிறது, இப்போது போனால் சட்டென்று முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு என்னவோ மனசு கேட்காமல் தயங்கி நின்றான். சூசைராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ போய்யா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கைக்கு நிக்கிறே?" என்றான். ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் ஏன்.

உலகநாதன் போனான்.

பங்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, புரொபசரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்புவதற்குள் அவர் பார்த்துவிட்டார். கார் நிற்கவில்லை. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்று இவன் யோசித்தான். அந்த யோசனையில் இருந்தவன், கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி வந்ததைப் பார்க்கவில்லை. திடீரென்று தடித்தடியாக நாலு சொட்டு அவன் புறங்கையில் விழுந்தது. சைக்கிள் சீட் நனைகிறதே என்றுதான் முதலில் நினைத்தான். ஐயோ, அதைத்தான் நினைத்தான். அடுத்த நினைப்பு வருவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. பெரிய வெடிச் சத்தம்கூட இல்லை. தகரக் கூரை சரிந்து விழுந்த மாதிரி இருந்தது.

அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மழைத்துளி தட்டில் விழுந்து தீப்பிடித்து, அது பக்கத்தில் இருந்த ஸ்பிரிட் டின்னுக்குத் தாவியிருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் யாரோ மணலைக் கொட்டி, சாக்கைப் போட்டு அணைத்திருந்தார்கள். சூசைராஜைத் துறை வேனில் ஏற்றினார்கள். உலகநாதன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தான். சூசைராஜுக்கு வாய் பேச வரவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கத்தன்று கல்லறையில் ஆரோக்கியமேரி அழவே இல்லை. சூசைராஜின் மனைவி. திருச்சிப் பக்கத்துப் பெண், பட்டதைப் பட்டென்று பேசுகிறவள், பொய் என்று ஒன்று சொல்லத் தெரியாதவள். இரண்டு பெண் பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டும் "அம்மா, இண்டிகி போதாம்" என்று தெலுங்கில் முனகிக்கொண்டே இருந்தன. வீட்டுக்குப் போகலாம் என்றால் எந்த வீட்டுக்கு? பல்கலைக்கழக குவார்ட்டர்ஸ் வேலையில் இருக்கிறவனுக்குத்தான். வேலைக்காரன் போனால் வீடும் போயிற்று. காலி பண்ணச் சொல்லிக் கடிதம் அந்த மாதமே வந்துவிட்டது.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அப்போதுதான் ஸ்டாஃப் சங்கத்துச் செயலாளர் துரைராஜ் ஒரு சாயங்காலம் உலகநாதன் வீட்டுக்கு வந்தார். மனிதர் நல்லவர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது. விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆபீசில் ஒரே ஒரு கேள்விதான். நடைமுறைத் தாளில் எழுதியபடி வேலை நடந்ததா, இல்லையா? நடந்திருந்தால் சூசைராஜ் கடமையில் செத்தவன். அவன் மனைவிக்கு வேலை, அந்த வேலையோடு வீடு. இரண்டாம் ஆள் இல்லாமல் தனியாகச் செய்தான் என்றால், மேகத்தைப் பார்க்காமல் விதியை மீறித் தன் தலையில் தானே கொள்ளி வைத்துக்கொண்டவன். சட்டப்படி வருவது வரும். வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

"ரெண்டாவது ஆள் நீதான். நீ இருந்தேன்னா இருந்தே. இல்லேன்னா இல்லே. வேற யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. அத நான் பாத்துக்கிறேன்" என்றார் துரைராஜ்.

அவர் போனதும் உலகநாதனின் மனைவி நீலா புலம்பித் தீர்த்துவிட்டாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நம் சோற்றிலும் மண் விழுமே என்றாள். உண்மையைச் சொன்னாலும் பொய்க் கையெழுத்துப் போட்டதற்குத் தண்டனை உண்டு, எப்படியும் அடி விழத்தான் போகிறது என்று உலகநாதன் சொன்னான். அவன் மனசில் ஓடியதே வேறு. தான் அங்கே நின்றிருந்தால் ஒரே ஒரு வார்த்தை, "மேகம்டா" என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சூசை பிழைத்திருப்பான். நிற்கவில்லை. நின்றதாகச் சொல்லவாவது செய்யலாமே என்று நினைத்தான். தன்மேல் அவனுக்கு அப்படி ஒரு அருவருப்பு இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ஆரோக்கியமேரியே வந்தாள். திண்பண்டம் எதையோ பொட்டலமாகக் கட்டி உலகநாதன் மகளுக்கென்று கொண்டுவந்திருந்தாள். புருஷன் செத்த வீட்டிலிருந்து பொட்டலம் வருகிறதே என்று நீலா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசில் கிளார்க் சொன்னதை ஆரோக்கியமேரி அப்படியே சொன்னாள். எல்லாம் முறைப்படி நடந்தது என்று வந்தால் தனக்கு வேலை கிடைக்குமாம்.

"நீங்கதான கூட இருந்தீங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்கண்ணே, போதும்" என்றாள்.

உலகநாதன் தலையை ஆட்டினான். இருந்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கமிட்டி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் இன்ஜினியரிங் துறையைச் சேர்ந்த வயதான தெலுங்கர், நிதானமான மனிதர். புரொபசர் ஸ்ரீனிவாசன் ஓரத்து நாற்காலியில், துறைத் தலைவர் என்ற முறையில் வாயைத் திறக்காமல் இருந்தார். கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். நீ அங்கே இருந்தாயா? இருந்தேன். கடைசி வரை இருந்தாயா? இருந்தேன். இவ்வளவுதான் என்று அவனுக்கு மூச்சு வந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததும் இவ்வளவுதான்.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, உன் சட்டையில் ஒரு பொட்டு நெருப்புக்கூடப் படவில்லையே என்று கேட்டார். மணல் உன் காலடியில் இருந்தது. மணலைக் கொட்டியது மாணவர்கள் என்று மாணவர்களே சொல்கிறார்கள். மேகம் வந்ததை நீ ஏன் சொல்லவில்லை? மூடியை ஏன் போடவில்லை? நெருப்புப் பிடித்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

இந்தக் கேள்வி வரும் என்று துரைராஜும் நினைக்கவில்லை, உலகநாதனும் நினைக்கவில்லை. அங்கே இருந்த ஒருவன் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவன் அங்கே இல்லை என்று ஆகிவிடும். அவன் புரொபசரைப் பார்த்தான். பங்சர் கடையில் தன்னைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருத்தர். ஸ்ரீனிவாசன் குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேகத்தைக் கவனிக்கல சார். நெருப்பைப் பார்த்ததும் பயந்துட்டேன். விட்டுட்டு ஓடிட்டேன்" என்று தெலுங்கில் சொன்னான்.

கிளார்க் அதை எழுதிக்கொண்டார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீ போகலாம் என்றார். அவர் அவனை அதற்குப் பிறகு ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். அடுத்தபடியாக அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இறந்தவரின் மனைவி என்பதால் சாட்சி சொன்னதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுவும் ஒரு விதி. உலகநாதன் வராந்தாவின் கோடியில் போய் நின்றுகொண்டான். அவள் வெளியே வந்தபோது நேராக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள். திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றியிருக்கலாம், அவன் வாங்கிக்கொண்டிருப்பான். சுவர் ஓரமாகப் புடவையை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

எல்லாம் முறைப்படி முடிந்தது. நடைமுறையில் குறையில்லை, இரண்டாம் ஆளின் கோழைத்தனமே காரணம் என்று கமிட்டி எழுதியது. துறையின் மானம் பிழைத்தது. உலகநாதனுக்கு இன்கிரிமெண்ட் வெட்டு, கண்டன மெமோ. ஆரோக்கியமேரிக்கு அதே துறையில் அட்டெண்டர் வேலைக்கு உத்தரவு வந்தது, வீடும் தங்கியது. துரைராஜ் வந்து உலகநாதன் தோளைத் தட்டி, பெரிய காரியம் பண்ணினே என்றார். அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

துறையில் எல்லாருக்கும் உண்மை தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் சொல்லவும் முடியாது. சொன்னால் என்ன ஆகும்? பொய்யில் கிடைத்த வேலை எனக்கு வேண்டாம் என்று நேராக ரிஜிஸ்டிரார் ஆபீசில் போய் நிற்கிற ஜாதி அவள். அதனால் அவள் காதுபடப் பேச்சை மாற்றிவிடுவார்கள். காலனியில் மட்டும் பேச்சு மாறவில்லை. கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன், எரிய விட்டுவிட்டு ஓடினான் என்று லாலாகுடா வரைக்கும் நாறியது. சூசைராஜின் சின்னப் பெண் இவனைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். நீலா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவள் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோவை யாரோ சத்தமாக வைத்தார்கள். திரும்பி வந்தவள், நானே சொல்லிவிடுகிறேன், அவள் தலையெழுத்து என்னவோ அதுவாகட்டும் என்று அழுதாள். உலகநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பிள்ளை மேல் சத்தியம், சொல்லாதே என்றான்.

ஆரோக்கியமேரி வேலையில் சேர்ந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. ஹெட் கிளார்க் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டுக் கடைசியில் நின்றுவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நடைமுறைத் தாள்களை அவரவர் பாஷையில் படித்துச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல லேபில் உலகநாதனை விட்டால் ஆள் இல்லை. புரொபசர் இருக்கிறார், ஆனால் அன்றைக்கு அவருக்கு அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. ஹெட் கிளார்க் உலகநாதனைப் பார்க்காமலே தாள்களை அவன் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவள் எதிரில் உட்காரவில்லை, நின்றாள். அவன் படித்தான். ஆசிட் ஜாடி, சிலிண்டர், ஒவ்வொன்றாகச் சொன்னான். சோடியம் தாளும் வந்தது. அங்கேயும் நிறுத்தவில்லை. இரண்டாம் ஆள் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எதுவரை நகரக் கூடாது என்று ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். விசாரணை நாளிலிருந்து அவனிடம் பேசாதவள், அப்போதுதான் வாய் திறந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. அலுத்துப்போன குரல்.

"தெனம் ராத்திரி கண்ண மூடினா, அவரு உங்களத் திரும்பிப் பாக்குறாரு, நீங்க ஓடுறீங்க. அதுதாண்ணே வருது. அன்னைக்கி நீங்க அங்க இல்லாமயே இருந்திருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். தனியா இருந்தாரு, போய்ச் சேந்தாருன்னு இருந்திருப்பேன்."

உலகநாதனுக்கு வாய் திறந்தது. இல்லைம்மா, நான் அங்கே இல்லைம்மா என்று நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அவள் நின்ற இடத்தில் புதுக் காக்கிப் பை ஒன்று தோளில் தொங்கியது. அதற்குள் மத்தியானச் சாப்பாட்டு டப்பா இருந்தது. வராந்தாவில் அவளுடைய பெரிய பெண், பள்ளிக்கூடம் போகிற வழியில் அம்மாவுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பார்க்க வந்ததுபோல, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

அவன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான். பேனா மூடியைக் கழற்றினான்.

"கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றான்.